எதுக்கு வந்தே?

"பேரு என்ன?" என்று டாக்டரம்மா கேட்டதும் முத்துப்பேச்சி இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள்.

வெளியே கதவு அதிர்ந்தது. உதைக்கிறவன் அவள் புருஷன் கோட்டைச்சாமி. ஓடிவந்து நுழைந்த வேகத்தில் அவளேதான் தாழ்ப்பாள் போட்டிருந்தாள்.

"பவுனு" என்றாள்.

பொய். ஆனால் அடி வாங்கிப் படித்த பொய்.

இரண்டு வருஷமாக அமாவாசை தவறாமல் பேயோட்டுகிற கோடாங்கி அவளிடம் கேட்கிற கேள்வி அது. கோட்டைச்சாமி முடியைக் கொத்தாகப் பிடித்துக்கொள்வான். மிளகாய் வற்றல் புகையை முகத்துக்கு நேரே காட்டுவார்கள். கோடாங்கி புளிய விளாரால் முதுகில் வீசுவான். "முத்துப்பேச்சி" என்றால் அடுத்த அடி. "பவுனு" என்றால் விளார் நிற்கும். பேய் பேரைச் சொல்லிவிட்டதாம். சொந்தப் பேரைச் சொன்னவளுக்கு அடி, செத்தவள் பேரைச் சொன்னால் குடிக்கத் தண்ணீர். இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்ல!

பவுனு அவளுடைய அக்கா. கோட்டைச்சாமியின் முதல் பெண்டாட்டி. அவளுக்கும் முத்துப்பேச்சிக்கு வருகிற இதே இழுப்புதான். கை கால் வெட்டி வெட்டி இழுக்கும், வாயில் நுரை தள்ளும். இதே கோடாங்கி, இதே விளார். ஒரு தை அமாவாசையன்று அடி தாங்காமல் விழுந்தவள் எழுந்திருக்கவே இல்லை. காரியம் முடிந்த கையோடு தங்கச்சியை அவனுக்கே கட்டிவைத்தார்கள்.

"வாடி வெளிய! கம்பி ஆறிப் போகுது!" என்று கத்தினான் கோட்டைச்சாமி.

இன்றைக்குப் பழுக்கக் காய்ச்சிய கம்பி. சூடு போட்டால் அக்கா போன வழிதான் என்று அவளுக்குத் தெரியும். முடியைப் பிடித்திருந்த கையைக் கடித்துவிட்டு, சின்னமனூர்க் கடைத்தெருவை ஒரே ஓட்டமாகக் கடந்து வந்திருந்தாள்.

டாக்டரம்மா சுகிர்தம் கதவுப் பக்கம் திரும்பவில்லை. யுத்தத்தில் கப்பல் வராமல் அவள் மருந்து அலமாரி பாதி காலி. ஆனால் சந்தையில் பெண்கள் சொன்னது மருந்தைப் பற்றி அல்ல. "நம்ம சொல்லி முடிக்கிற மட்டும் குறுக்க பேச மாட்டாக" என்றுதான் சொன்னார்கள்.

முன்பு முத்துப்பேச்சி ஒரு கம்பவுண்டரிடம் போய் "இழுப்பு" என்றாள். அந்த மகராசன் தலையைத் தூக்காமலே மூச்சிழுப்புக்கு மருந்து ஊற்றிக் கொடுத்தான். ஆறு மாசம் குடித்தாள். இங்கே இழுப்பு, கோடாங்கி, விளார், செத்துப்போன பவுனு என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"நாக்க நீட்டு ஆத்தா."

நீட்டினாள். ஓரமெல்லாம் கடிபட்டு, தழும்பின் மேல் தழும்பு. பேய் காவு கேட்கிறது என்று கோடாங்கி சொன்னது அந்த ரத்தத்தைப் பார்த்துத்தான். டாக்டரம்மா அவள் முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி ஒவ்வொரு தழும்பாகப் பார்த்தாள். முதுகில் ரத்தத்தோடு ஒட்டிக் கிடந்த சேலையை ஈரப் பஞ்சால் நனைத்து மெல்லப் பிரித்தாள். அத்தனை அடிக்கும் அழாதவளுக்கு அப்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இது பேயில்ல, வலிப்பு நோவு. ஒரேயடியாப் போகாது. தினம் மருந்து குடிச்சா அடங்கிக் கிடக்கும். இப்ப உன் பேரச் சொல்லு."

"முத்துப்பேச்சி."

சொல்லிவிட்டுக் கண்ணை இறுக்கி மூடினாள். அடி விழவில்லை. நோட்டில் பேனா ஓடுகிற சத்தம்தான் கேட்டது.

கதவுப் பலகை ஒன்று பிளந்தது. கோட்டைச்சாமியின் கை உள்ளே நுழைந்து தாழ்ப்பாளைத் துழாவியது. டாக்டரம்மா எழுந்து போனாள். ஊசி வேகவைக்கிற இரும்புப் பாத்திரத்தை எடுத்து அந்த விரல்கள் மேல் ஓங்கிப் போட்டாள். வெளியே அலறல். திரும்பி வந்து உட்கார்ந்து பேனாவை எடுத்தாள்.

"ரெண்டு வருசமா அடி வாங்கிக்கிட்டு இருந்திருக்கே. இன்னைக்கு மட்டும் ஓடி வந்திருக்கே. எதுக்கு வந்தே?"

கோடாங்கியும் இதைக் கேட்பான். 'தங்கச்சியக் கூட்டிட்டுப் போக வந்தேன்' என்று அதற்கும் ஒரு பதில் மனப்பாடம். அது தொண்டைவரை வந்தது. விழுங்கினாள்.

கதவைப் பார்த்தாள். பிறகு டாக்டரம்மாவின் காதோரம் குனிந்தாள்.

"எனக்காக வரலம்மா. நேத்து எங்க அக்கா மகளுக்கு இழுத்துருச்சு. யாரும் பாக்கல. வாயப் பொத்தி, மடியில போட்டு அமுக்கிக்கிட்டேன். அவுகளுக்குத் தெரியாது."

கதவு மறுபடி அதிரத் தொடங்கியது.

டாக்டரம்மா எழுதாமல் நோட்டை மூடினாள்.

"பிள்ளைக்கு என்ன வயசு?" என்று அவளும் குசுகுசுவென்றே கேட்டாள்.