மலைக்குருவி

அலுவலகப் பயிற்சிக்காக வெளியூர் போய்த் திரும்பிய கணவன் கைபேசியை நீட்டினான்.

"வகுப்பு ஜன்னல்ல இருந்து எடுத்தேன். என்ன பறவைன்னு அங்க யாருக்கும் தெரியல."

மனைவி படத்தைப் பெரிதாக்கினாள். பழுப்புக் குருவி; பாதி உடம்பு இலைக்குள் இருந்தது.

"புருவத்துல வெள்ளைக் கோடு இருக்கு பாருங்க. இது மலை உச்சியில மட்டும்தான் இருக்கும். கீழ இறங்கவே இறங்காது."

"வழி தவறி வந்திருக்கும்..."

"குருவியா, நீங்களா?"

அவனுக்கு வியர்த்தது. "மன்னிச்சுடும்மா. பயிற்சியெல்லாம் இல்ல. சிநேகிதனுங்க கூப்பிட்டாங்க, மலைக்குப் போயிட்டேன்."

"மூணு வருஷமா என்னைக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்ன மலைக்கா?"

"அடுத்த வாரமே நாம போறோம், சத்தியமா!" என்றவன், கணினியைத் திறந்து விடுதியில் அறை பதிவு செய்ய உட்கார்ந்தான்.

அவள் சமையலறைக்குள் போய், விலங்கியல் படித்த தங்கைக்குப் படத்தை அனுப்பிவிட்டுப் பேசினாள்.

"இது என்ன பறவைடி?"

"கதிர்க்குருவிக்கா. எல்லா ஊர்லயும் இருக்கும். உன் மாடித் தொட்டிச் செடிக்குக்கூட வருமே, பார்த்ததில்லயா?"

"நான் எங்கடி பறவையைப் பார்த்தேன்? அவர் மூஞ்சியைப் பார்த்தேன், போட்டு வாங்கினேன்!"