குறுக்கே பத்து சாண்

அந்தச் சிறையைக் கட்டியவன் மனுஷ உடம்பு எண்சாண்தான் என்று அப்படியே நம்பியிருக்க வேண்டும். மரியசூசையின் கைக்கு அறையின் நீளம் எட்டு சாண், அகலம் ஆறு. அதே கைக்குச் செங்கோடன் ஒன்பது சாண் இருந்தான். வந்த நாளிலிருந்து அவன் முழங்காலை மடக்கித்தான் படுத்தான். ஒருநாள் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு வார்டன் பூட்டிவிட்டுப் போனதும், மரியசூசை ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைவரை தரையில் சாண் போட்டுக்கொண்டே போனான். பத்து வந்தது. நம்பாமல் திரும்பவும் போட்டான். பத்தேதான்.

“அண்ணே, குறுக்கே படுங்க.”

செங்கோடன் படுத்துக் காலை நீட்டினான். எலும்பெல்லாம் சொடக்கு விட்டது.

“எட்டும் ஆறும் இருக்கிற இடத்துல இந்தப் பத்து எங்கடா ஒளிஞ்சிருந்துச்சு?”

“தெரியலண்ணே.”

மரியசூசைக்கு இப்போது மிஞ்சியது ஒரு முக்கோணம். அதில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். செங்கோடன் தூங்கவில்லை. அவன் கண் கால்மாட்டு மூலையிலிருந்து சுவரோடு மேலே ஏறி, கூரைக்கடியில் காற்றுக்காக விட்டிருந்த ஓட்டையில் போய் நின்றது.

“சூசை, என் தலைமாட்டு மூலையிலிருந்து நேரா அந்த ஓட்டைக்குப் போட்டா எத்தனை சாண் வரும்?”

மரியசூசை அண்ணாந்து பார்த்தான். கை வைத்து அளக்க அங்கே தரை இல்லை, காற்றுதான் இருந்தது.

“பத்துக்கு மேலதான் வரும்ணே,” என்றான். அங்கே தெரிந்த துண்டு வானத்தைப் பார்த்து, “ஆனா ஓட்டையோட ஏன் நிறுத்தணும்?” என்றான்.