நீல நாடா

சால்வடார் நகரத் தேவாலயத்தின் கம்பிவேலியில் வண்ண வண்ண நாடாக்கள் கடற்காற்றில் படபடக்கின்றன. சந்தையில் வாங்கிய முந்திரியும், செம்பனை எண்ணெய் கசியும் பயறு வடையும் திணித்த கைப்பையை ஜுல்மிரா இடது கையால் மார்போடு இறுக்கிக்கொண்டு நிற்கிறாள். மலைநாட்டுக்காரி, சிரித்துப் பேசும் ஆளைக் கண்டாலே அவளுக்குச் சந்தேகம். நாடாக்காரன் கேட்காமலே அவளுடைய வலது மணிக்கட்டில் நீல நாடாவைச் சுற்றுகிறான்.

“முடிச்சுக்கு ஒரு வேண்டுதல்மா. மூணு முடிச்சு. மனசுல நெனச்சுக்குங்க. அதுவா அறுந்து விழணும், அவுத்தா பலிக்காது.”

“எவ்வளவு கேப்ப?”

“சும்மாதாம்மா.”

சும்மாவா? முதல் முடிச்சில் அவள் கண் அவன் விரல்களிலேயே இருக்கிறது. இரண்டாவதில், முதுகுக்குப் பின்னால் கூட்டாளி எவனாவது நிற்கிறானா என்று திரும்பிப் பார்க்கிறாள். மூன்றாவதில், பை போகாமல் இருக்க வேண்டுமே என்று பல்லைக் கடிக்கிறாள். அவன் எதுவும் கேட்காமல் அடுத்த ஆளிடம் போகிறான். அவசரமாகப் பையைத் துழாவுகிறாள். பர்ஸ் இருக்கிறது, போன் இருக்கிறது, வடைகூட இன்னும் சூடாக இருக்கிறது.

இளநீரோடு வரும் கணவர் அன்செல்மோ நாடாவைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்துகிறார்.

“கட்டிட்டியா? மூணும் நம்ம பொண்ணு நெய்டிக்குத்தானே வேண்டிக்கிட்ட? நாளைக்குக் கண் ஆபரேஷன், புள்ள நம்மளத்தான் நம்பியிருக்கு.”

ஜுல்மிரா பையை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறாள். அதில் ஒன்றும் குறையவில்லை.