மணிக்கு ஆறு கிலோமீட்டர்

"மூணு நாள்! மூணு நாளா அந்த வண்டியை வெச்சுக்கிட்டு என்னய்யா பண்ணினே?"

மேனேஜர் மேஜையைத் தட்டிய தட்டில் பேனா ஸ்டாண்டு ஓர் அடி எழும்பி இறங்கியது. சரி, அரை அடி.

புது வண்டிகளை ஓட்டிப் பார்த்து மார்க் போடும் அலுவலகம் அது. எதிரே நின்றவருக்கு அங்கே பத்து வருஷமாக அதுதான் வேலை. மூலையில், நேற்றைய சேறு அப்பியபடி சாய்ந்து நின்றது அந்த மின்சார ஸ்கூட்டர். நின்றபடியே ஓட்டுவது, ரோடே இல்லாத இடத்தில் ஓடுவதற்கென்றே பிறந்தது. சக்கரத்துக்கு ஒரு மோட்டார், பூசணிக்காய் பருமனில் டயர். முறுக்கினால் எண்பதில் பறக்கும். ஆள் முதலில் போய்ச் சேருவார், அவர் தொப்பி பின்னாலேயே விசாரித்துக்கொண்டு வரும்.

"ஓட்டிப் பார்த்தேன் சார்."

"ஓட்டினியா? இந்தாம்மா, அந்தப் பதிவைப் படி."

இன்ஜினியர் பெண் லேப்டாப்பைத் திருப்பினாள். வண்டிக்குள் ஒரு பதிவுக் கருவி உண்டு. அதற்குப் பொய் சொல்லத் தெரியாது.

"மூணு நாளும் காலையில ஏழரைக்குக் கிளம்பியிருக்கு சார். அதிகபட்ச வேகம்…" தொண்டையைச் செருமினாள். "ஆறு."

"நல்லாக் கேட்டுக்கோ. ஆறு! எண்பதுல பறக்கிற வண்டியை எவன்யா ஆறுல ஓட்டுவான்? நத்தை பார்த்தா ஹாரன் அடிச்சு வழி கேட்கும்!"

மேனேஜரின் போன் அடித்தது. எட்டிப் பார்த்தார்.

"அப்பா. வேற வேலை இல்லை." துண்டித்தார்.

"நானே பார்த்துச் சொன்ன பாதைய்யா. என் வீட்டுப் பின்கதவைத் திறந்தா குன்று. மண்ணு, கல்லு, சரிவு, பத்து வளைவு. உச்சிக்கு ஏறி இறங்குன்னா, நீ எது வரைக்கும் போனே?"

ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். இன்ஜினியர் பெண்தான் படித்தாள்.

"முதல் நாள் ரெண்டாவது வளைவு. அடுத்த நாள் மூணாவது. நேத்து நாலாவது."

"அடேங்கப்பா! என்ன முன்னேற்றம்! உச்சிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள எனக்கு ரிடையர்மெண்ட் வந்துடும்."

"ஒவ்வொரு வளைவுலயும் பத்து நிமிஷம் நிக்குது சார். அங்கல்லாம் சிமெண்ட் பெஞ்சு இருக்கு."

"பெஞ்சு!" மேனேஜரின் புருவம் வழுக்கைத் தலையின் பாதி வரை ஏறியது. "ஓஹோ. இப்பப் புரியுது. கல்யாணத்துக்குப் பொண்ணை வெச்சுக்கிட்டு இந்த வயசுல உனக்குப் பெஞ்சு கேக்குதா?"

"ஐயய்யோ, அப்படியெல்லாம் இல்லை சார்!"

"அப்புறம் அறிக்கையில எழுதியிருக்கிற அழகைப் பாரு. 'மெதுவாகப் போகத் தெரியவில்லை, கன்றுக்குட்டி போலத் துள்ளுகிறது, பத்துக்கு நாலு.' இதை யாருய்யா கேட்டா?"

"அது நிஜம் சார். மெதுவாப் போறப்ப திடீர்னு ஒரு எகிறு எகிறுது. கூட நடந்து வர்றவங்க பயந்துடுவாங்க…"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"கூட நடந்து வர்றவங்களா? யாரு அது?"

"அது வேணாம் சார். வேகத்தை இன்னிக்கே ஓட்டிக் காட்டிடறேன். அறிக்கைக்குச் சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கே."

"சாயங்காலம் நீ இங்க இருந்தாத்தானே?"

மேனேஜர் டிராயரைத் திறந்தார். வேலைநீக்கக் கடிதம் ஏற்கெனவே டைப் ஆகியிருந்தது. கையெழுத்துதான் பாக்கி. பேனா மூடியைக் கழற்றினார்.

"கடைசியாக் கேக்கிறேன். யாரு?"

"மன்னிச்சுக்கங்க சார். சொன்னா நல்லா இருக்காது."

இன்ஜினியர் பெண் 'சொல்லித் தொலையுங்களேன்' என்று கண்ணாலேயே கெஞ்சினாள். அவர் தலை குனிந்துகொண்டார்.

மறுபடியும் போன்.

"வண்டிக் கம்பெனிக்காரங்களாத்தான் இருக்கும். உன் ஆறு கிலோமீட்டர் சாதனையை நீயே உன் வாயால அவங்களுக்குச் சொல்லு!" பேரைக்கூடப் பார்க்காமல் ஸ்பீக்கரை அமுக்கி, போனை மேஜை நடுவில் வைத்தார்.

"டேய், அப்பா பேசறேன்டா. வெச்சுடாதே, ஒரே நிமிஷம்."

மேனேஜர் போனைப் பிடுங்குவதற்குள் கிழவரின் குரல் அறை முழுக்க உட்கார்ந்துவிட்டது.

"ஏழரையிலேர்ந்து ஷூ மாட்டிக்கிட்டுப் பின்கதவுல நிக்கிறேன். நீ அனுப்பின தம்பியை இன்னும் காணோமே?"

"நான் அனுப்பின… யாருப்பா?"

"அதான், ஸ்கூட்டர் தம்பி. முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் தனியா நடக்கப் பயந்துக்கிட்டு வாசப்படியிலேயே நின்னேன்ல? 'உங்க பையன்தான் துணைக்கு அனுப்பினார், வாங்கய்யா'ன்னு கூட்டிட்டுப் போனான். நேத்து நாலாவது வளைவுடா! டாக்டர்கூட நம்ப மாட்டார்."

மேனேஜர் மெல்ல நிமிர்ந்தார். ஓட்டுநர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார், அதற்கும் மார்க் போடப் போகிறவர் மாதிரி.

"வேலை இருந்தா அவன் நாளைக்கு வரட்டும், பரவால்ல. நான் கூப்பிட்டது அதுக்கில்லடா." கிழவர் கொஞ்சம் தயங்கினார். "உனக்கு இருக்கிற வேலைக்கு நடுவுல, அப்பாவுக்கு ஒரு துணை வேணும்னு தோணுச்சு பாரு. பாதி வலி அதுலயே போயிடுச்சு."