சொந்த விருப்பத்தின் பேரில்

வெந்நீர் வாளிக்குள் மனைவியின் வீங்கிய பாதங்களை வைத்து, விரல் விரலாக நீவிவிட்டுக்கொண்டிருந்தான் அவன். வேலை முடிந்து களைத்து வரும் அவளைக் கவனிப்பதற்கென்றே இன்று லீவு போட்டு வீட்டில் இருந்தவன். அக்கம்பக்கத்துப் பெண்கள் பார்த்திருந்தால் தங்கள் வீட்டுக்காரர்களை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்கள்.

"இன்னிக்கு என் மேஜையைத் தூக்கி மேல போட்டுட்டாங்கங்க" என்றாள். அவளுக்கு இது ஏழாம் மாதம்.

"நாலாம் மாடிக்கா? மனுஷங்களா அவங்க!"

"லிஃப்டையும் பூட்டிட்டாங்க. ஆறு தடவை ஏறி இறங்கினேன்."

இருவருக்கும் ஒரே அட்டைப்பெட்டிக் கம்பெனிதான். பசை தடவும் வேலைக்குச் சேர்ந்தவள், ஒன்பது வருடம் முட்டி மோதி சூப்பர்வைசர் ஆகிவிட்டாள். அவன் இன்னும் கிடங்கில் லோடு ஏற்றிக்கொண்டிருக்கிறான்.

"நான் விடமாட்டேங்க. வயித்துல புள்ளையோட இருக்கிறவளை வேலையை விட்டுத் தூக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்காம். நானா எழுதிக் கொடுத்தாத்தான் உண்டுன்னு வக்கீலம்மா சொல்லிட்டாங்க."

"சட்டம் உன் பக்கம்தாம்மா. படிக்கட்டு யார் பக்கம்? கால் தவறி விழுந்தா வக்கீலம்மாவா வந்து தாங்கப் போறாங்க? போன தடவை பறிகொடுத்தது போதாதா?"

அவள் கை வயிற்றுக்குப் போனது.

"எனக்கு நீயும் குழந்தையும் நல்லா இருந்தா போதும். கிடக்குது கழுதை, வேலை!"

பேப்பரையும் பேனாவையும் அவனே எடுத்துவந்தான். அவன் சொல்லச் சொல்ல, கண்ணைத் துடைத்துத் துடைத்து எழுதினாள். 'யாருடைய வற்புறுத்தலும் இன்றி, சொந்த விருப்பத்தின் பேரில்' என்ற இடத்தில் அவள் பேனா நின்றது.

"இதெல்லாம் எதுக்குங்க?"

"எழுதும்மா. நாளைக்கு யாரும் உன்னைக் குத்தம் சொல்லிடக் கூடாது."

எழுதிவிட்டாள். ஒன்பது வருட உழைப்பு நான்கே வரியில் முடிந்துபோனதை நினைத்து விம்மினாள். அவன் அவள் பாதங்களைத் துண்டால் ஒற்றி, கட்டிலில் படுக்கவைத்து, கழுத்து வரை போர்த்திவிட்டான். "நிம்மதியா தூங்கு, நான் இருக்கேன்" என்றான்.

காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். மேனேஜருக்குப் போன் போட்டான்.

"எழுதி வாங்கிட்டேன் சார். சூப்பர்வைசர் வேலை எனக்குத்தானே?"