பூட் ஆகாத பென் டிரைவ்

"இன்னுமா பூட் ஆகல?"

மேனேஜர் மூன்றாவது தடவையாக வந்து நின்றார். அந்தப் பதிப்பகத்தில் அவருக்குக் 'கடுகு' என்று பெயர். லேசாகச் சூடு பட்டாலே பொரிந்துவிடுவார்.

"பார்த்துட்டுதான் இருக்கேன் சார்" என்றாள் டாக்டரம்மா. கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியம் பார்க்கிறவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர்.

காலையில் அவரேதான் கூப்பிட்டு பென் டிரைவைக் கையில் கொடுத்தார்.

"ப்ரூஃப் ரூம்ல ஜன்னலோர சிஸ்டம். எல்லாத்தையும் அழிச்சுட்டு விண்டோஸ் புதுசா போடு. புது ஆள் உக்காரப் போறார்."

"அது அக்காவோட சிஸ்டமாச்சே சார்?"

"அக்கா லீவு நேத்தோட முடிஞ்சுது. இன்னிக்கு வரல. ஒரு போனும் இல்ல. சிஸ்டம் ரெடியானதும் புது ஆளை உக்கார வச்சு ரெஜிஸ்டர்ல கையெழுத்து வாங்கச் சொல்லி முதலாளி உத்தரவு. போ, போ."

பிழை திருத்துகிற அக்கா மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் கணவரின் கட்டில் பக்கத்திலேயே இருக்கிறாள். அவள் சம்பளத்தில்தான் அந்த வீடு ஓடுகிறது. இது கடுகுக்கும் தெரியும். புது ஆள் முதலாளியின் மச்சினன். வரவேற்பறை சோபாவில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

'கல்நெஞ்சக்காரன்' என்று மேனேஜரை மனசுக்குள் திட்டிக்கொண்டே டாக்டரம்மா பென் டிரைவைச் செருகினாள்.

கறுப்புத் திரை. பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்ப, அதாவது பூட் செய்ய, அதில் எதுவும் இல்லை என்று ஒரே ஒரு வரி.

பின்பக்க போர்ட்டில் போட்டாள். அதே வரி. பூட் ஆர்டரில் பென் டிரைவை முதலில் வைத்தாள். அதே வரி. செக்யூர் பூட் என்கிற பாதுகாப்பு செட்டிங்கை அணைத்தாள். ஊஹும். பக்கத்து சிஸ்டத்தில் செருகினால் சமர்த்தாகத் திறந்தது, ஃபைல்கள் வரிசையாகத் தெரிந்தன. இங்கே கொண்டு வந்தால் மறுபடி கறுப்பு.

போன மாதம் அவளே தயார் செய்து மேனேஜரிடம் கொடுத்து வைத்த பென் டிரைவ்தான் அது. அன்றைக்கு ஒரே அழுத்தில் பூட் ஆனது.

ஆகவில்லையே என்று அவமானமாக இருந்தது. ஆகாமலே போனால் தேவலை என்றும் இருந்தது.

ஒரு மணிக்குக் கடுகு மறுபடி வந்தார். காதில் போன். முதலாளி.

"இதோ அந்தப் பொண்ணுகிட்டயே கேளுங்க ஐயா" என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னம்மா, ஒரு பென் டிரைவை பூட் பண்ணத் தெரியாதா உனக்கு?"

"சத்தியமா ஆகல சார். போர்ட் மாத்திப் பார்த்துட்டேன், செட்டிங் மாத்திப் பார்த்துட்டேன்..." அவள் குரல் உடைந்தது.

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு. "சரி சரி, அழாத. ஆனதும் சொல்லு."

போனை வைத்ததும் கடுகு பொரிந்தார். "பத்து வருஷ சர்வீஸாம்! மானம் போகுது!"

ப்ரூஃப் ரூமே அவரை முறைத்தது.

மூன்று மணிக்கு டாக்டரம்மா தோற்றுப்போய் அவர் அறைக்குப் போனாள். "சார், புதுசா ஒரு பென் டிரைவ் தயார் பண்றேன். டவுன்லோடுக்கே ஒன்றரை மணி நேரம் ஆகும்."

"என்னமோ பண்ணித் தொலை."

டவுன்லோடு எழுபது சதவீதத்தில் நின்றுகொண்டிருந்தபோது கதவு திறந்தது. கையில் ஆஸ்பத்திரிப் பை, கசங்கிய புடவை. அக்கா!

"அவரை டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க. வீட்டுல விட்டுட்டு நேரா ஓடி வரேன்" என்று மூச்சு வாங்கியவள், யாரும் எதுவும் சொல்வதற்குள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரை ஆன் செய்தாள். பாதி திருத்திய புத்தகம் அப்படியே திறந்தது.

டாக்டரம்மா ஓடிப்போய் டவுன்லோடை நிறுத்தினாள்.

கடுகு முதலாளிக்குப் போன் போட்டார். "ஐயா, அவங்க வந்து கையெழுத்துப் போட்டு உக்காந்துட்டாங்க. இனிமே எழுப்பினா பேச்சு நமக்குத்தான் வரும்..." கொஞ்ச நேரம் வெறும் "ஆமாங்க ஐயா, ஆமாங்க ஐயா." பிறகு வைத்துவிட்டார்.

விஷயத்தைக் கேட்ட மச்சினன் சோபாவிலிருந்து துள்ளி எழுந்தான். "அப்பாடா! எழுத்துப் பிழை பார்க்கிற வேலைன்னு அத்தான் சொன்னதுலேர்ந்து எனக்குத் தூக்கமே போச்சு."

ஐந்து மணிக்குக் கடுகு டாக்டரம்மாவைக் கூப்பிட்டார். இன்றைக்கு இருக்கிறது கச்சேரி என்று நினைத்துக்கொண்டே போனாள்.

"அந்தப் பழைய பென் டிரைவ் எங்க? குடு."

வாங்கித் தன் கம்ப்யூட்டரில் செருகினார். அவருடைய திரையின் மூலையில் ஒரு ஃபோல்டர் இருந்தது. அதைப் பிடித்து இழுத்து பென் டிரைவுக்குள் போட்டார்.

டாக்டரம்மாவுக்குக் கண் விரிந்தது. பூட் ஆவதற்கு வேண்டிய ஃபோல்டர் அதுதான்! அது இல்லாவிட்டால் பென் டிரைவ் திறக்கும், ஃபைல்கள் தெரியும், பூட் மட்டும் ஆகாது.

"சார்... நீங்களா?"

"காலையிலேயே அக்கா எனக்குப் போன் பண்ணிட்டாங்க. டிஸ்சார்ஜ் பேப்பர் கைக்கு வர மூணு மணி ஆயிடும்னு அழுதாங்க. முதலாளிகிட்ட சொன்னா காதுலயே வாங்கல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்! நாள் முழுக்க உங்களை எப்படியெல்லாம் திட்டினேன் தெரியுமா?"

கடுகு பென் டிரைவைக் கழற்றி அவள் கையில் வைத்தார்.

"சொல்லியிருந்தா முதலாளிகிட்ட நீ பொய் சொல்ல வேண்டியிருக்கும். உனக்கு அது வராதும்மா. அதான், உனக்கும் சேர்த்து நானே சொல்லிட்டேன்."