சிவப்புக் கம்பி

இந்தக் காலத்தில் விரலுக்குப் பூசுகிற நெயில் பாலிஷைக் கம்பிக்கும் பூசுகிறார்கள் என்று சடையப்பன் முனகினார். மலையில் கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று அவரைக் கூட்டி வந்த மகன், ஓடையில் விழுந்து, இப்போது மழைக்கு ஒதுங்கிய பாறை மறைவில் குளிரில் பல் கிட்டிப்போய்க் கிடந்தான். அவனை இழுத்துப் போட்டதில் அவர் மடியிலிருந்த தீப்பெட்டி ஊறிவிட்டது. மிச்சம் இருந்தது மருமகள் வளர்மதி கொண்டுவந்த, தீ மூட்டுகிற விரல் நீளக் கம்பிதான். கத்தி முதுகால் இழுத்தால் பொறி பறக்குமாம். இழுத்தாள். ஒன்றும் பறக்கவில்லை.

“சிங்காரிச்சு வெச்சா எரியுமா? அவன் உதடு நீலம் பாஞ்சிருச்சு பாரு!”

“முந்தின கம்பி ஈரத்துல பூத்து உதிர்ந்துபோச்சு மாமா. அதான் இதுக்குப் பூசி வெச்சேன். செத்த பேசாம இருங்க.”

கத்தியால் பூச்சைச் சுரண்டினாள். சிவப்புச் செதில்கள் உதிர்ந்தன. மறுபடி இழுத்தாள். நாலாவது இழுப்பில் பொறி, அவள் பையிலிருந்து எடுத்து வைத்திருந்த பஞ்சில் விழுந்து பற்றிக்கொண்டது. சுள்ளி எரியத் தொடங்கியபோது மகன் “அப்பா” என்று முனகினான்.

வளர்மதி கம்பியை ஈரம் போகத் துடைத்தாள். பாலிஷில் தீப்பற்றாதபடி நெருப்புக்கு முதுகு காட்டித் தள்ளி உட்கார்ந்து, புட்டியைத் திறந்து, சுரண்டிய இடத்தில் நிதானமாகப் பூசினாள்.

“புருஷன் கிடக்கிற கிடையில இதுவா முக்கியம்?”

“இந்த மழையில நெருப்பு அணைஞ்சுட்டா என்ன பண்ணுவீங்க மாமா?”

விறகு தேடி மழைக்குள் இறங்கிய சடையப்பன், ஊறிய தீப்பெட்டியை எடுத்து, காயட்டும் என்று அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.